அவளுக்கு வந்தது எனக்கும் வருமா

அடுப்பில் மத்தி மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. என் அக்கா ஜாடியிலிருந்து ஒரு கை உப்பை அள்ளிப் போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் ஒரு கை அள்ளினாள்.

"யக்கா, இப்பதான போட்ட" என்றேன்.

"எங்கடி போட்டேன்? இன்னும் போடவே இல்ல" என்றாள் கோபமாக.

மூன்றாவது தடவை அவள் கை ஜாடிக்குள் போனபோது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். சின்ன வயதிலிருந்து உப்பளத்தில் உழைத்தவள் அவள். கண்ணை மூடிக்கொண்டு அள்ளினாலும் குழம்புக்கு உப்பு கூடாது, குறையாது. அன்று அவள் என்னை முறைத்த முறைப்பில் ஒரு பயம் தெரிந்தது.

அப்போது எனக்கு முதலில் தோன்றியது அவளைப் பற்றிய கவலை இல்லை. எனக்கும் இது வருமா என்பதுதான் முதலில் வந்தது. மனசு அப்படித்தான் இருக்கிறது, மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது.

நான் கணக்கு டீச்சர். மரக்காணத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்பு எடுக்கிறேன். ஐம்பதைத் தாண்டிவிட்டேன். அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். ஒரே வயிற்றில் பிறந்து ஒரே சட்டிக் கூழைக் குடித்து வளர்ந்தோம். பரம்பரையைப் பார்க்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. அம்மா மறதி வருகிற வயது வரை இருக்கவே இல்லை, நாற்பதுகளிலேயே போய்விட்டாள். அப்பா எண்பது வரை இருந்து, கடைசி நாள் வரைக்கும் தெளிவாக எல்லோரையும் பெயர் சொல்லித் திட்டிவிட்டுத்தான் செத்தார். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன விடை வரும்? விடை வராத கணக்கோடு என்னால் ஒரு பீரியட் கூட உட்கார முடியாது. இதோடு மாதக்கணக்கில் இருக்க வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகு ஒரு நாள் அக்கா சந்தைக்குப் போகிறேன் என்று கிளம்பித் திண்டிவனம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். பெருமுக்கல் ஸ்டாப்பில் ஒரு பூக்காரம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளை யாரோ அடையாளம் கண்டு போன் செய்தார்கள். அக்காவின் புருஷன் இறந்து சில வருஷமாகிறது. ஒரே மகன் ஒரகடம் பக்கம் கார் கம்பெனியில் வேலை பார்க்கிறான். தனியாக இருந்தவளை அன்றைக்கே என் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், கடிகாரம் வரையச் சொன்னார்கள். அக்கா ஒரு வட்டம் போட்டு எண்கள் எல்லாவற்றையும் ஒரே பக்கமாக அடைத்து வைத்தாள். அல்சைமர் என்றார் டாக்டரம்மா.

ஊர் வாயை மூட முடியுமா? ஆளுக்கு ஒரு காரணம் கொண்டு வந்தார்கள். எதிர்வீட்டுப் பெண், "உச்சி வெயில்ல சவுக்குத் தோப்பு வழியா வந்திருப்பாங்க, எதுவோ அடிச்சிருக்குது" என்றாள். தலையில் உப்புக் கூடை சுமந்து சுமந்து மூளை நசுங்கிவிட்டது என்றார் ஒரு பெரியவர். ஸ்டாஃப் ரூமில் தமிழ் வாத்தியார், "உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்றோம். ஊருக்கே உப்பிட்ட பொம்பளைக்கு இப்படி ஆயிடுச்சே டீச்சர்" என்றார். பாவம், ஆறுதலாகத்தான் சொன்னார். நான் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டேன்.

அக்கா மகன் லீவு போட்டுவிட்டு வந்து, கீழ்புத்துப்பட்டு அய்யனார் கோயிலில் சில நாள் தங்க வைக்கலாம் என்றான். மனசு சரியில்லாதவர்களை அங்கே கூட்டிப் போவது எங்கள் பக்கத்துப் பழக்கம். "இது மூளையில வர்ற நோவுடா, சாமி இன்னா பண்ணும்?" என்று சண்டை போட்டேன். சண்டை போட்டுவிட்டு நானும் கூடப் போனேன். ஒன்று சொல்ல வேண்டும். அங்கே அக்கா நன்றாக இருந்தாள். சுற்றி ஜனம் இருந்தது. பக்கத்தில் படுத்திருந்த பெண்ணுக்குத் தலை வாரிவிட்டாள், வெங்காயம் உரித்துக் கொடுத்தாள், யாரோ சொன்னதற்கு வாய்விட்டுச் சிரித்தாள். நோய் போகவில்லை, ஆனால் முகத்தில் ஒரு களை வந்திருந்தது. அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எனக்கு வேறு தேடல் இருந்தது. அவளிடம் இருக்கிற, என்னிடம் இல்லாத ஒரு காரணம் எனக்கு வேண்டும். அதுதான் நோயின் காரணம் என்று யாராவது சொல்லிவிட்டால் நான் நிம்மதியாகத் தூங்குவேன். வாட்ஸப்பில் அலுமினியப் பாத்திரம்தான் மறதிக்குக் காரணம் என்று ஒரு செய்தி வந்தது. மறுநாள் காலையில் வீட்டிலிருந்த அலுமினியம் அத்தனையையும் பழைய பாத்திரக்காரரிடம் தள்ளிவிட்டேன். இட்லிப் பானையும் போய்விட்டது. என் வீட்டுக்காரர் இரண்டு வாரம் தோசையாகத் தின்றார்.

பஸ்ஸில் உட்கார்ந்தால் பதினேழாம் வாய்ப்பாட்டைப் பின்னாலிருந்து சொல்லிப் பார்ப்பேன். பக்கத்தில் இருப்பவர்கள் ஸ்லோகம் சொல்லுகிறேன் என்று நினைத்துக் காலை ஒதுக்கிக்கொள்வார்கள். சாவியைத் தேடினால் பயம், கண்ணாடியைத் தேடினால் பயம். "நீ எந்தக் காலத்துலம்மா சாவிய வச்ச எடத்துல தேடுன?" என்று வீட்டுக்காரர் கேலி செய்தார். ஆனால் ஒரு நாள் வகுப்பில் இருபடிச் சமன்பாட்டின் சூத்திரத்தைப் பாதி எழுதிவிட்டு நின்றுவிட்டேன். அடுத்தது என்ன என்று வரவில்லை. வருஷா வருஷம் எழுதியது, கை தானாக எழுதுவது. சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு கரும்பலகையைப் பார்த்தபடி நின்றேன். முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி மெதுவாக எடுத்துக் கொடுத்தாள். அன்று மாலை நான் வீட்டுக்குப் போகும் வழியில் இறங்க வேண்டிய ஸ்டாப்புக்கு முன் ஸ்டாப்பிலேயே இறங்கி, வேகு வேகென்று நடந்தேன். உட்கார்ந்திருக்க முடியவில்லை.

நான் நடத்துகிற பாடத்தில் நிகழ்தகவு என்று ஒன்று இருக்கிறது. ஒரு பையில் கருப்புப் பந்து இத்தனை, வெள்ளைப் பந்து இத்தனை. கண்ணை மூடி எடுத்தால் கருப்பு வர வாய்ப்பு என்ன? எவ்வளவு சந்தோஷமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கருப்புப் பந்தை எடுத்தவனுக்கு அந்த விடையால் என்ன பயன் என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை.

அடுத்த முறை பாண்டிச்சேரி போனபோது, முதலில் அக்காவின் காதைச் சோதித்தார்கள். காது மந்தம் என்பது எங்கள் ஊரில் நோயே கிடையாது. கொஞ்சம் கத்திப் பேசினால் போயிற்று. உப்பளத்தில் மரம் இல்லை, செடி இல்லை. தண்ணீர் இறைக்கிற ஆயில் இன்ஜினுக்குப் போட்ட கொட்டகை ஒன்றுதான் நிழல். மதியம் கூழ் குடிக்க எல்லாப் பெண்களும் அந்த இன்ஜினை ஒட்டித்தான் உட்காருவார்கள். அது காது கிழிய ஓடிக்கொண்டிருக்கும், இவர்கள் அதற்கு மேல் கத்திக் கதை பேசுவார்கள். வெயிலுக்குப் பயந்து அந்தச் சத்தத்துக்குள் வாழ்நாள் முழுக்க உட்கார்ந்தவர்கள். அக்காவிடம் நாங்களும் முதலில் கத்திப் பேசினோம். பிறகு முக்கியமானதை மட்டும் கத்தினோம். பிறகு அதுவும் குறைந்துபோயிற்று. புருஷன் போன பிறகு அவள் சத்தம் கேட்காத டிவி முன்னால் தனியாக உட்கார்ந்திருப்பாள். படம் பார்த்தால் போதும் என்பாள்.

காதில் கருவியை மாட்டி முடித்ததும் நான் வழக்கம் போல, "யக்கா, கேக்குதா?" என்று கத்தினேன். துள்ளி விழுந்தாள். "ஏன்டி இந்தக் கத்து கத்துற? நான் இன்னா செவிடா?" என்றாள். மாட்டிவிட்ட பையன் சிரித்துவிட்டான், நானும் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. இதை எத்தனையோ வருஷத்துக்கு முன்பே செய்திருக்கலாம்.

டாக்டரம்மா என்னைவிட இளையவர். மாத்திரை எழுதிக்கொண்டிருந்தவரிடம், வகுப்பில் சூத்திரம் மறந்ததைச் சொல்லிவிட்டு நேராகக் கேட்டேன். "ஏன் வந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க. எனக்கு வருமான்னும் சொல்லுங்க."

"ஒரே காரணம்னு விரல் நீட்டிக் காட்ட முடியாதுங்க டீச்சர்" என்றார். "மூளையில சில புரதம் சேர்ந்துகிட்டே போகுது. வெளிய தெரியறதுக்குப் பல வருஷம் முன்னாடியே ஆரம்பிச்சிடுது. ஒருத்தருக்கு ஏன் சேருது, இன்னொருத்தருக்கு ஏன் சேரலன்னு இன்னும் முழுசா யாருக்கும் தெரியல."

"பாத்தியில உப்பு படியற மாதிரியா?"

"அவ்ளோ லேசா இருந்தா வாரிப் போட்டிருப்போமே" என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். வயதுதான் எல்லாவற்றிலும் பெரியது என்றார். கூடப் பிறந்தவர்களுக்கு இருந்தால் மற்றவர்களுக்குக் கொஞ்சம் வாய்ப்பு கூடும், ஆனால் வந்தே தீரும் என்றில்லை என்றார். அதற்கு மேல் வாய்ப்பைக் கூட்டுகிற விஷயங்கள் பல இருக்கின்றன என்று சொல்லி, அக்காவைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார். நான் பதில் சொன்னேன்.

பிரஷர் உண்டா? உண்டு. பல வருஷத்துக்கு முன்பே சுகாதார நிலையத்து நர்ஸ் கண்டுபிடித்து, மாத்திரை கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார். அக்கா அவர் பேச்சைத் தட்டவில்லை. அன்றிலிருந்து கடை உப்பைக் கையால் தொடவில்லை. "அது பாக்கெட் உப்பு, மருந்து கலந்தது, அதுதான் பிரஷர் ஏத்தும். இது நம்ம பாத்தி உப்பு, ஒண்ணும் பண்ணாது" என்பாள். எங்கள் தெரு முழுக்க இதே நம்பிக்கைதான். உப்பு வாருகிறவர்களுக்கு இது இன்னும் நியாயமாகத் தெரியும். வேர்வையில் போனதை வேறு எங்கிருந்து எடுப்பது என்பார்கள். கூழில் ஒரு கை கல்லுப்பு, தொட்டுக்கொள்ளக் கருவாடு. மாத்திரையைத் தலை வலித்தால் மட்டும் போட்டுக்கொள்வாள். டாக்டரம்மா இதைக் கேட்டுவிட்டு, நடுவயதில் பிரஷர் கட்டுப்படாமல் இருந்தது ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். எனக்கும் பிரஷர் இருக்கிறது. ஆனால் நான் காலையில் பல் தேய்த்ததும் மாத்திரை போடுகிறவள்.

காது? அவளுக்குப் போயிற்று, எனக்கு நன்றாகக் கேட்கிறது. தலையில் அடி? கூடையோடு வரப்பில் வழுக்கி விழுந்து, சாந்து பூசிய விளிம்பில் தலை மோதி, ஒரு பகல் முழுக்க நினைவு தப்பிக் கிடந்திருக்கிறாள். காப்பித்தூள் வைத்துக் கட்டி, இரண்டு நாளில் வேலைக்குப் போய்விட்டாள். சுமை தூக்குவதால் வராது, ஆனால் அந்த மாதிரி அடியைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்றார். எனக்கு அப்படி அடி பட்டதே இல்லை. தனிமை? அவள் தனியாக இருந்தாள். என்னைச் சுற்றி நாள் முழுக்க நாற்பது பிள்ளைகள் கத்துகிறார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஒவ்வொரு பதிலுக்கும் எனக்குள் ஒரு சந்தோஷம் ஏறியது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் அது சந்தோஷமேதான்.

"எதுவரைக்கும் படிச்சிருக்காங்க?"

"அஞ்சாவது."

"நீங்க?"

"எம்.எஸ்சி., பி.எட்."

"சின்ன வயசுல படிக்கிற படிப்பு மூளைக்குக் கொஞ்சம் பாதுகாப்பு" என்றார் டாக்டரம்மா. "நோய் வந்தாக்கூட அது தாக்குப் பிடிக்கும். அக்கா ஏன் அஞ்சாவதோட நிறுத்திட்டாங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா பதில் சொன்னாள். காதில் கருவி இருந்ததை நாங்கள் இரண்டு பேருமே மறந்துவிட்டோம்.

"பாப்பா பொறந்துச்சு" என்றாள். "அம்மா அளத்துக்குப் போயிடும். பாப்பாவ யாரு பாத்துக்கறது?"

"அப்புறம் பாப்பா பெருசாயிடுச்சு இல்ல? அப்ப போகலையா?" என்று டாக்டரம்மா அவளிடமே கேட்டார்.

"அப்ப அது ஸ்கூலுக்குப் போகணுமே. நான் வேலைக்குப் போனாத்தானே அது போவும்." இது கூடத் தெரியாதா என்கிற மாதிரி அவரைப் பார்த்தாள். "அதுக்கு நல்லாப் படிப்பு வருதுங்க."

அந்தப் பாப்பா பக்கத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

டாக்டரம்மா என்னைப் பற்றி மேலே சொன்னது எதுவும் என் காதில் சரியாக விழவில்லை. உங்களுக்கு வாய்ப்பு குறைவாகத்தான் தெரிகிறது, பிரஷரைக் கவனியுங்கள், நடங்கள், சூத்திரம் மறப்பதெல்லாம் கவலையால் வருவது என்றார். இதைக் கேட்கத்தான் மாதக்கணக்கில் அலைந்தேன். கேட்டதும் சந்தோஷமாக இல்லை. இன்ஜின் கொட்டகையில் நான் உட்காராததற்கு, வரப்பில் கூடையோடு நான் விழாததற்கு, கூழுக்கு ஒரு கை உப்பு தேவைப்படுகிற அளவுக்கு எனக்கு வேர்க்காததற்கு எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்தான் இருந்தது. அவள் போனாள், அதனால் நான் போகவில்லை. என் பக்கம் இருந்த பாதுகாப்பு ஒவ்வொன்றும் அவள் பக்கத்திலிருந்து எடுத்தது. நான் எடுக்கவில்லை, அப்போது நான் குழந்தை. தப்பு என்னுடையது இல்லை என்பதால் யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது என்றும் தெரியவில்லை. கோபம்தான் வந்தது. அம்மா மேல், அப்பா மேல், சிரித்த முகமாகப் பேசிய டாக்டரம்மா மேல், ஏன் என்று கேட்டு உயிரை எடுத்த என் மேலும்.

திரும்பும்போது பஸ்ஸில் அக்கா ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். பஸ் உப்பளத்தை ஒட்டி வந்ததும் எழுந்துவிட்டாள். பாத்திகளில் வெயில் கண்ணைக் கூச வைத்தது. தூரத்தில் பெண்கள் வரிசையாகக் கூடை சுமந்துகொண்டிருந்தார்கள். "எறங்கணும். வாரிப் போட்டுட்டாங்க, லோடு நிக்குது" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனாள். உட்கார வைக்கப் பார்த்தேன். கையை உதறினாள். கண்டக்டர் விசிலடித்துப் பஸ்ஸை நிறுத்திவிட்டார்.

வீட்டில் பாத்ரூம் கதவு எது என்று தடுமாறுகிறவள், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்தக் குறுகின வரப்பில் கிடுகிடுவென்று நடந்தாள். நான் செருப்பு வழுக்க வழுக்கப் பின்னால் ஓடினேன். வேலை செய்துகொண்டிருந்தவர்களுக்கு அவளைத் தெரியும். "வா பெரிம்மா, எங்க ஆளயே காணோம்?" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி என்னைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் அரைக் கூடை உப்பை எடுத்து அவள் தலையில் வைத்தாள். அக்கா பாத்திக்குள் இறங்கி நடந்தாள். முதுகு நேராகிவிட்டது.

மறுபடியும் விழுந்துவிடுவாளோ என்று எனக்குப் பதைத்தது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு காலை இறக்கப் போனேன்.

"ஏய்! எறங்காத!" அக்கா கூடையோடு திரும்பி நின்று கத்தினாள். "காலு வெந்துடும். புண்ணாப் போயிடும். நீ ஸ்கூலுக்குப் போ, மணி அடிச்சிடுவாங்க."

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். நரைத்த தலையும் கைப்பையுமாக நான் வரப்பில் நின்றேன். "யாரு பெரிம்மா அது?" என்று கூடை எடுத்துக் கொடுத்தவள் கேட்டாள்.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"யாருன்னு தெரியல" என்றாள். "ஆனா அது எறங்கக் கூடாது."

எனக்கும் வருமா என்று எனக்கு இன்னும் தெரியாது. வந்து, பெயரும் முகமும் வாய்ப்பாடும் எல்லாம் போய்விட்ட பிறகு யாரைப் பார்த்து நான் அப்படிக் கத்துவேன் என்று நினைத்துப் பார்த்தேன். ஒரு முகமும் வரவில்லை. உப்பளத்தைப் பார்த்தே வளர்ந்த நான் ஒரு நாளும் பாத்திக்குள் கால் வைத்ததில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். தண்ணீர் கொதித்தது, குதிகால் வெடிப்பில் ஏறிச் சுரீரென்று எரிந்தது. நான் பக்கத்தில் போய்க் கூடையை ஒரு கையால் தாங்கிக்கொள்ள, அக்கா கரை வரைக்கும் என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள்.